விண்கலத்தில் தரை துடைப்பது யார்?

அறிவியல் புனைகதைகள் மனிதனைப் பற்றியும் சமூகத்தைப் பற்றியும் என்ன சொல்கின்றன என்று கேட்டு வாசகர்கள் எழுதிய கடிதங்களில் சில, எங்கள் பதில்களோடு.

கேள்வி: விண்கலம், லேசர் துப்பாக்கி, பச்சை நிற வேற்றுக்கிரகவாசி... இதில் மனித இயல்பைப் பற்றி என்ன இருந்துவிடப் போகிறது? குடும்பக் கதையும் சரித்திரக் கதையும் சொல்லாத எதை இது சொல்கிறது?

குடும்பக் கதையில் வரும் ஏற்பாடுகள் நாம் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருப்பவை. அவற்றில் எது இயற்கை, எது நாமாகச் செய்துவைத்தது என்று பிரித்துப் பார்க்கவே தோன்றாது. அறிவியல் புனைகதை அந்த ஏற்பாடுகளில் ஒன்றை மட்டும் உருவிவிட்டு, மற்றதை இருந்தபடியே விடும். பிறகு எது சரிகிறது, எது நிற்கிறது என்று கவனித்துக்கொண்டே போகலாம்.

1898-ல் புத்தகமாக வந்த ஹெச்.ஜி. வெல்ஸின் 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' நாவலைப் பாருங்கள். தங்களை மிஞ்ச ஆளில்லை என்றிருந்த பிரிட்டிஷ் வாசகர்களுக்கு அவர் மாற்றிக் காட்டியது ஒன்றே ஒன்றுதான்: அவர்களைவிடப் பெரிய ஆயுதத்தோடு செவ்வாய்க் கிரகத்திலிருந்து ஒரு கூட்டம் வந்து இறங்குகிறது. எதற்காக இதைச் சொல்கிறார் என்பதில் ஒளிவுமறைவு இல்லை. ஐரோப்பியக் குடியேறிகள் ஆஸ்திரேலியாவை ஒட்டிய டாஸ்மேனியத் தீவின் பூர்வகுடிகளை ஐம்பதே ஆண்டுகளில் அழித்ததை முதல் அத்தியாயத்திலேயே குறிப்பிட்டு, செவ்வாய்க்காரர்கள் அதே மனதோடு வந்தால் நாம் முறையிட முடியுமா என்று கேட்டுவிடுகிறார். (அவர் நினைத்ததுபோல் அந்த மக்கள் அடியோடு அழிந்துவிடவில்லை. வழித்தோன்றல்கள் இன்றும் இருக்கிறார்கள்.)

லண்டனைக் காலி செய்துகொண்டு ஜனங்கள் ஓடும் அத்தியாயத்தில் ஒருவரின் பை கிழிந்து பொற்காசுகள் சாலையில் சிதறுகின்றன. அவர் குனிந்து பொறுக்குகிறார். வண்டிச் சக்கரம் முதுகில் ஏறி இறங்குகிறது. கதைசொல்லியின் தம்பி அவரது சட்டைக் கழுத்தைப் பிடித்து வெளியே இழுக்கப் பார்க்கிறான். முதுகு முறிந்த நிலையிலும் காசைப் பிடித்தபடி, இழுக்கிற கையைக் கடிக்கிறார் அந்த மனிதர். இதில் செவ்வாய்க்காரன் எங்குமே இல்லை.

கேள்வி: பிற்காலக் கண்டுபிடிப்புகளை முன்கூட்டியே சொன்ன கதைகளைத்தானே சிறந்தவை என்கிறார்கள்?

அது ஜோசியம் பார்ப்பவரை எடை போடும் அளவுகோல். கணிப்பு சில சமயம் பலிக்கத்தான் செய்கிறது. வெல்ஸ் 1914-லேயே அணுகுண்டு வரும் நாவல் எழுதினார். இயற்பியலாளர் லியோ சிலார்ட் அதை 1932-ல் படித்தார், மறு ஆண்டு அணுக்கருத் தொடர்வினை, அதாவது ஓர் அணுக்கரு வினை அடுத்தடுத்த வினைகளைத் தூண்டிக்கொண்டே போவது, என்ற யோசனை அவருக்குத் தோன்றியது. அந்தச் சக்தி ஆயுதமானால் என்னவாகும் என்ற அச்சத்தில், அதற்கான காப்புரிமையை 1936-ல் பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையிடம் ஒப்படைத்து ரகசியமாக வைக்கச் செய்தார். 1944-ல் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் யுரேனியக் குண்டு பற்றிய சிறுகதை வந்தபோது ராணுவ உளவுத்துறையே விசாரணைக்கு வந்து நின்றது. கதாசிரியர் பயன்படுத்தியதோ பொது இதழ்களில் அச்சான விவரங்களை.

கருவியைச் சரியாகச் சொன்ன கதைகள் எங்கே சறுக்கின என்று பார்ப்பதுதான் எங்களுக்குச் சுவாரஸ்யம். 1940, 50-களின் விண்வெளிக் கதைகளைப் புரட்டினால், ஒளியைவிட வேகமாகப் போகும் கலத்தின் மாலுமி, கணினிக்கு முந்தைய காலத்து நகரும் அளவுகோலை (ஸ்லைடு ரூல்) வைத்துக் கணக்குப் போடுகிறான். கலத்தில் பெண் இருந்தால் பெரும்பாலும் யாருக்காவது மகள், அல்லது காபி கொண்டுவருபவள். இயற்பியலின் வேக வரம்பை உடைக்கத் தயங்காத எழுத்தாளருக்கு ஒரு பெண் கேப்டனைக் கற்பனை செய்ய வரவில்லை. எழுத்தாளர் எதை மாற்றினார் என்பது அவர் யோசித்துச் செய்தது. எதை மாற்றாமல் விட்டார் என்பது யோசிக்காமலே நடந்தது. அவர் காலத்துச் சமூகம் எவற்றையெல்லாம் இயற்கை என்று நம்பியது என்பதற்கு இரண்டாவதுதான் நல்ல சாட்சி.

அதனால் கையில் பென்சிலோடு படியுங்கள். கட்டளை இடுவது யார், சமைப்பது யார், கூலி வாங்குவது யார், விண்கலத்தில் தரை துடைப்பது யார் என்று ஓரத்தில் குறியுங்கள். துடைக்கிற ஆளே இல்லாமல் கலம் எப்போதும் பளபளப்பாக இருந்தால், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். எழுதுகிறவர் கண்ணில் படாத வேலை எது என்று அப்போது தெரியும்.

கேள்வி: விண்கலத்தில் திருட்டுத்தனமாக ஏறிய ஒரு பெண்ணை, எரிபொருள் போதாது என்பதற்காக விமானி வெளியே தள்ளிவிடும் கதையைப் படித்தேன். யார் மீதும் தப்பில்லை, இயற்கை விதி அப்படி என்று முடிகிறது. மனம் ஒப்பவில்லை. விஞ்ஞானம் தெரியாததால் எனக்கு அப்படித் தோன்றுகிறதா?

நீங்கள் படித்தது 1954-ல் வந்த டாம் காட்வினின் 'தி கோல்ட் ஈக்வேஷன்ஸ்'. உங்கள் மனம் ஒப்பாததற்கும் விஞ்ஞானம் தெரிவதற்கும் தொடர்பில்லை. விஞ்ஞானம் தெரிந்தவர்கள்தான் இந்தக் கதையோடு பல ஆண்டுகளாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கம்: தொலைதூரக் கிரகம் ஒன்றில் காய்ச்சலால் சாகக் கிடக்கும் ஆறு பேருக்கு ஒரு சின்னக் கலம் மருந்து கொண்டுபோகிறது. அண்ணனைப் பார்க்கும் ஆசையில் 18 வயதுப் பெண் அதில் ஒளிந்துகொள்கிறாள். இருக்கும் எரிபொருள் கலத்தின் நிறைக்குச் சரியாக இருக்கும், அவள் நிறையையும் சேர்த்தால் இறங்கும்போது நொறுங்கிவிடும். எனவே அவள் வெளியேற வேண்டும்.

கணக்கு சரி. அந்தக் கணக்குக்குள் அவளைக் கொண்டுவந்து நிறுத்தியவற்றைப் பார்ப்போம். கலத்துக்குள் போகும் வழியில் அனுமதியில்லாதவர்கள் நுழையக் கூடாது என்று ஓர் அறிவிப்பு. பூட்டு இல்லை, காவலாள் இல்லை. புறப்படும் முன் பொருள் வைக்கும் அறையை யாரும் திறந்து பார்க்கவில்லை. ஆனால் அந்த அறையில் உடல் சூடு இருந்தால் முள் நகர்ந்து காட்டும் கருவி இருக்கிறது. ஒளிந்து வருபவரைக் கண்டவுடன் வெளியேற்ற வேண்டும் என்று பிரிவு எண்ணோடு எழுதிய சட்டமும் இருக்கிறது. அதாவது ஆட்கள் ஏறக்கூடும் என்று நிர்வாகத்துக்கு முன்பே தெரியும். கொல்வதற்கு விதி எழுதியவர்கள் ஒரு பூட்டு வாங்கவில்லை.

எரிபொருளும் அப்படித்தான். நிஜத்தில் யாரும் துளி மிச்சமில்லாமல் கலத்தை வடிவமைப்பதில்லை. பயணிகள் ஜெட் விமானம் தரையிறங்கும்போது குறைந்தது 30 நிமிடம் பறக்கும் எரிபொருளாவது மிச்சம் இருக்கும்படி திட்டமிட வேண்டும் என்பது சர்வதேச விதி. எதிர்க்காற்றோ சிறு கசிவோ வந்தாலே கதையில் உள்ள கலம் விழுந்துவிடும், ஆறு நோயாளிகளும் சேர்ந்து போவார்கள்.

இதில் கதையை வெளியிட்ட பத்திரிகையின் ஆசிரியர் ஜான் கேம்ப்பெல்லின் பங்கும் உண்டு. காட்வின் அந்தப் பெண்ணைக் காப்பாற்ற ஏதாவது வழி கண்டுபிடித்துக்கொண்டே இருந்தார், கேம்ப்பெல் கதையைப் பலமுறை திருப்பி அனுப்பினார், அவள் செத்த பிறகே அச்சேறியது. கதைக்குள்ளும் வெளியிலும் யாரோ எடுத்த முடிவுதான் அவளைக் கொன்றது. நிர்வாகம் மிச்சம் பிடித்த செலவை இயற்கை விதி என்று பெயர் மாற்றிச் சொன்னால் வாசகன் அழுதுவிட்டு ஏற்றுக்கொள்கிறான். மனித இயல்பைப் பற்றி இந்தக் கதை, தன் ஆசிரியர் உத்தேசித்ததைவிட அதிகமாகவே சொல்லிவிட்டது. படிக்க வேண்டிய கதைதான், சண்டை போட்டுக்கொண்டே படிக்க வேண்டியது.

கேள்வி: எழுத்தாளர் ஐசக் அசிமோவ் தன் கதைகளில் ரோபோக்களுக்கு எழுதிய மூன்று விதிகளை இன்றைய செயற்கை நுண்ணறிவில் பதித்துவிட்டால் பயமில்லையே?

அந்த விதிகள் எப்படிக் காலை வாரும் என்று காட்டுவதற்காகத்தான் அவர் கதைகளே எழுதினார். மனிதனுக்குத் தீங்கு செய்யாதே, தீங்கு நேரவும் விடாதே. முதல் விதிக்கு முரணில்லாதவரை மனிதனின் கட்டளைக்குக் கீழ்ப்படி. முதல் இரண்டுக்கும் முரணில்லாதவரை உன்னைக் காத்துக்கொள். மூன்றும் முழுமையாக எழுதப்பட்டு வந்தது 1942-ன் 'ரன்அரவுண்ட்' கதையில். அதிலேயே விதி சிக்கிக்கொள்கிறது.

புதன் கிரகத்தில் இரண்டு பேர், ஸ்பீடி என்ற ரோபோவைச் செலினியம் என்ற தனிமத்தை எடுத்துவர அனுப்புகிறார்கள். அது வராவிட்டால் வெப்பத்தைத் தடுக்கும் அமைப்பு நின்று இருவரும் சாவார்கள். ஆனால் கட்டளை இட்டவன் அந்த அவசரத்தைச் சொல்லாமல், போகிறபோக்கில் ‘போய் எடுத்து வா’ என்று சொல்லிவிட்டான். அதனால் இரண்டாம் விதியின் அழுத்தம் குறைவு. ஸ்பீடியோ விலை உயர்ந்த மாடல், எனவே தற்காப்பு விதியைத் தொழிற்சாலையிலேயே கொஞ்சம் கூட்டி வைத்திருக்கிறார்கள். செலினியக் குட்டைக்கு அருகே ரோபோவுக்கு ஆபத்து. கிட்டே போனால் மூன்றாம் விதி தள்ளுகிறது, விலகினால் இரண்டாம் விதி இழுக்கிறது. இரண்டும் சமமாகும் தூரத்தில் ஸ்பீடி குட்டையைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கிறது. கடைசியில் அவர்களில் ஒருவன் கொல்லும் வெயிலில் தானே இறங்கி நின்று முதல் விதியைக் கிளப்ப வேண்டியதாகிறது.

ரோபோ பழுதாகவில்லை. ஒருவர் அலட்சியமாகப் பேசினார், ஒரு கம்பெனி தன் முதலீட்டைக் காத்துக்கொண்டது, இரண்டும் சேர்ந்து ஆளைக் கொல்லப் பார்த்தன. இன்றைய நிரல்களிலும் இதே குணம் உண்டு. 2016-ல் ஓபன்ஏஐ என்ற செயற்கை நுண்ணறிவு நிறுவனம் படகுப் பந்தய விளையாட்டு ஒன்றில் ஒரு நிரலைப் பழக்கியது. புள்ளி சேர்ப்பதே இலக்கு என்று கொடுத்திருந்ததால், படகு பந்தயத்தை முடிக்காமல் ஒரே இடத்தில் வட்டமடித்து, தீப்பிடித்து எரிந்துகொண்டே புள்ளிகளை அள்ளியது. எழுதியவர் மனதில் நினைத்தது ஒன்று, எழுத்தில் வைத்தது ஒன்று. சட்டம் எழுதுகிற எவருக்கும் இது தெரிந்த கதை.

கேள்வி: பேரழிவுக் கதைகளில் மின்சாரம் போன மூன்றாம் நாள் ஜனங்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்கிறார்கள். மனிதன் உள்ளுக்குள் அவ்வளவுதானா?

இந்த இடத்தில் அறிவியல் புனைகதை பெரும்பாலும் தப்பாகவே சொல்கிறது. அமெரிக்காவில் 1963-ல் தொடங்கிய பேரிடர் ஆய்வு மையமும் அதன் நிறுவனர்களில் ஒருவரான சமூகவியலாளர் குவாரன்டெல்லியும் வெள்ளம், நிலநடுக்கம், சூறாவளி என்று பல பத்தாண்டுகள் நேரில் போய்ப் பார்த்து எழுதியது நேர்மாறானது. கண்மண் தெரியாத பீதி அபூர்வம். முதலில் மக்கள் தங்கள் குடும்பத்தைத் தேடுகிறார்கள், அடுத்தது பக்கத்து வீடு. இடிபாட்டிலிருந்து முதலில் ஆளைத் தூக்குவது பெரும்பாலும் அக்கம்பக்கத்தவர், மீட்புப் படை பின்னால்தான் வருகிறது. ஜனங்கள் பீதியடைவார்கள் என்ற நம்பிக்கைதான் சேதத்தைக் கூட்டுகிறது: அதிகாரிகள் அதற்குப் பயந்து எச்சரிக்கையைத் தாமதிக்கிறார்கள்.

வெல்ஸின் நாவலை 1938 அக்டோபர் 30 அன்று அமெரிக்க வானொலி நாடகமாகப் போட்டபோது நாடே தெருவுக்கு ஓடி வந்தது என்பார்கள். அன்றிரவு 5,000 வீடுகளுக்குத் தொலைபேசியில் நடந்த கணக்கெடுப்பில், அந்த நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருந்ததாகச் சொன்னவர்கள் 2 சதவீதம். பயந்தவர்கள் இருந்தார்கள். நாடு தழுவிய பீதி என்பது மறுநாள் பத்திரிகைகள் ஊதியது, விளம்பர வருமானத்தை வானொலியிடம் இழந்துகொண்டிருந்த பத்திரிகைகள்.

முதல் பதிலில் சொன்ன பொற்காசு மனிதருக்கே திரும்பப் போனால், அந்தக் காட்சியில் இரண்டு பேர் இருக்கிறார்கள். கடித்தவர் நினைவில் நிற்கிறார். ஓடுகிற வண்டிகளுக்கு நடுவே முன்பின் தெரியாத ஒருவரை இழுத்துக் காப்பாற்றப் பார்த்தவனை நாம் மறந்துவிடுகிறோம்.

கேள்வி: கைபேசியில் மூழ்கிய வாழ்க்கையை நூறு வருடத்துக்கு முன்பே எழுதிய கதை உண்டாமே?

ஈ.எம். ஃபார்ஸ்டரின் 'தி மெஷின் ஸ்டாப்ஸ்', 1909. மனிதர்கள் பூமிக்கடியில் ஆளுக்கொரு அறையில் வசிக்கிறார்கள், உணவும் இசையும் பேச்சும் இயந்திரம் வழியாக வருகின்றன. வாஷ்டி என்ற தாய்க்கு ஆயிரக்கணக்கான பேரோடு பழக்கம். மகன் அழைத்தால் ஐந்து நிமிடம் தருகிறேன் என்கிறாள், அடுத்து அவள் இசை பற்றி உரை நிகழ்த்த வேண்டியிருக்கிறது. அவன் இயந்திரம் வழியாக அல்லாமல் நேரில் பார்க்க வேண்டும் என்று கெஞ்சுகிறான்.

இதைச் சொல்லிவிட்டு ‘அப்படியே நம்மைப் பார்த்ததுபோல் இருக்கிறது’ என்று எல்லோரும் நிறுத்திக்கொள்கிறார்கள். எங்களுக்கு அதைவிடக் கூர்மையாகப் படுவது இயந்திரம் பழுதாகத் தொடங்கும் பகுதி. முதலில் இசையில் இரைச்சல். புகார் போகிறது, கவனிப்பதாகக் குழு சொல்கிறது. பிறகு குளியல் நீர் நாறுகிறது, செயற்கைப் பழத்தில் பூஞ்சை. ஒவ்வொன்றுக்கும் கொஞ்ச நாள் முணுமுணுப்பு, அப்புறம் பழகிப்போகிறது. பழுதுபார்க்கும் கருவியே பழுதாகிவிட்டது என்று தெரியவரும்போது, எந்தக் குறையை எப்போது பொறுத்துக்கொள்ள ஆரம்பித்தோம் என்று யாருக்கும் நினைவில்லை. பெரிய நிறுவனம் எதிலாவது பத்து வருடம் வேலை பார்த்தவர்களுக்கு இந்தப் பக்கங்கள் வியர்க்க வைக்கும்.

கேள்வி: நல்ல அறிவியல் புனைகதையையும் வெறும் வேஷத்தையும் எப்படிப் பிரிப்பது?

விண்கலத்தை எடுத்துவிட்டுக் குதிரையை வையுங்கள். கதை ஒரு வரியும் மாறவில்லை என்றால் வேஷம்.

கேள்வி: சுற்றிச் சுற்றி மனித இயல்பு மாறாது என்றுதானே எல்லாக் கதைகளும் சொல்கின்றன?

இல்லை. மாறாது என்று நாம் நினைப்பதில் பாதி ஏற்பாடுதான் என்று காட்டும் கதைகளும் உண்டு. ரொக்கேயா சகாவத் ஹுசைன் 1905-ல் எழுதிய 'சுல்தானாவின் கனவு' கதையில் ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டிருக்கிறார்கள், பெண்கள் நாட்டை நடத்துகிறார்கள், மேகத்திலிருந்து நீரையும் சூரியனிடமிருந்து வெப்பத்தையும் எடுக்கிறார்கள். படையெடுத்து வந்தவர்களைச் சூரிய வெப்பத்தை ஒருமுகப்படுத்தி விரட்டுகிறார்கள். தலைகீழாக்கிக் காட்டுவதே அவரது முக்கிய வாதம். ‘ஆண்களை எப்படி அடைத்துவைக்க முடியும்?’ என்று வாசகர் கொதித்தால், பெண்களை அடைத்துவைத்தபோது ஏன் கொதிக்கவில்லை என்ற கேள்வி தானாக வந்துவிடும்.

உர்சுலா லெ குவின் 1969-ல் இன்னும் ஆழமாக வெட்டினார். 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்' நாவலின் கெத்தன் கிரகத்தில் நிலையான ஆண் பெண் இல்லை. மாதத்தில் சில நாள் மட்டும் ஒருவர் இரண்டில் ஒன்றாகிறார், அடுத்த முறை எதுவாக ஆவார் என்று தெரியாது. யார் வேண்டுமானாலும் கருவுறலாம் என்பதால் குழந்தைப் பொறுப்பு ஒரு பாதி ஜனத்தின் தலையில் மட்டும் விழுவதில்லை. சூழ்ச்சியும் கொலையும் உண்டு, பெரும்போர் மட்டும் நடந்ததில்லை. இவ்வளவு யோசித்தவருக்கும் கண் மறைந்த இடம் இருந்தது. முக்கியப் பாத்திரமான எஸ்ட்ராவென் பிரதமராக, நாடு கடத்தப்பட்டவராக, பனியில் சறுக்குவண்டி இழுப்பவராக வருகிறார், குழந்தை வளர்ப்பவராக ஒரு காட்சியிலும் இல்லை. பின்னர் எழுதிய கட்டுரையில் லெ குவினே இதை ஒப்புக்கொண்டார்.

கேள்வி: நண்பர்கள் பத்துப் பேர் சேர்ந்து மாதம் ஒரு கதை படித்துப் பேச நினைக்கிறோம். பேச்சு எங்கெங்கோ போய்விடுகிறது. எப்படி நடத்துவது?

ஒரு மணி நேரம் போதும். கதை பதினைந்து பக்கத்துக்குள் இருக்கட்டும், நாவல் எடுத்தால் பாதிப் பேர் படிக்காமல் வருவார்கள். பேச்சு தடம் புரளும் முதல் இடம், ‘இது விஞ்ஞானப்படி சாத்தியமா?’ என்ற வாக்குவாதம். அதைத் தடுக்க முடியாது, அதனால் முதல் ஐந்து நிமிடத்தை அதற்கே கொடுத்து முடித்துவிடுங்கள். அடுத்து, கதையில் மாற்றப்பட்டது எது என்று ஆளுக்கு ஒரே வாக்கியம் எழுதட்டும். பத்து வாக்கியமும் ஒன்றாக இருக்காது, பேச வேண்டியது அங்கேயே கிடைத்துவிடும். அதன்பின் அந்த மாற்றத்தால் லாபம் யாருக்கு, விலை கொடுப்பது யார் என்று பெயர் சொல்லிப் பட்டியலிடுங்கள். ‘சமூகம்’, ‘மனிதகுலம்’ என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள், கதையில் உள்ள ஆளைக் காட்டச் சொல்லுங்கள். கடைசி இருபது நிமிடம், மாறாமல் இருப்பவற்றுக்கு. அதுதான் கஷ்டமான பகுதி, முதலில் எல்லோரும் மௌனமாக இருப்பார்கள். பணம், திருமணம், மேலதிகாரி, தண்டனை என்று நான்கு தலைப்பைத் தாளில் எழுதி நடுவில் வைத்தால் பேச்சு வரும். கதையின் நீதி என்ன என்று மட்டும் கேட்காதீர்கள், கேட்டால் அத்தோடு கூட்டம் முடிந்துவிடும்.

ரொக்கேயாவின் கதை சில பக்கங்கள்தான், முதல் கூட்டத்துக்குப் பொருந்தும், இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கிறது. ஃபார்ஸ்டர் கதை ஒரே அமர்வுக்கு நீளம். அவரே மூன்று பகுதியாகப் பிரித்திருப்பதால், முதல் பகுதியை மட்டும் படித்துவிட்டு, இயந்திரத்தில் முதலில் எது கெடும் என்று ஆளுக்கு ஓர் ஊகம் எழுதி வாங்கி வையுங்கள். மீதிக் கதையைப் படித்துவிட்டு, அந்த ஊகங்களை அடுத்த மாதம் பிரித்துப் பார்க்கலாம்.